காகிதம் மடிக்கிறது ரத்தத்துல வருதாம்!

டிஸ்கி: இந்தப் பதிவுல கேரட் நிறைய வரும். சமையல் குறிப்புன்னு நினைச்சு உள்ள வந்தவங்க இப்பவே ரிவர்ஸ் எடுத்துக்கலாம். :)

ஆணி அதிகம் மக்களே. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லைதான். ஆனா ஊர்ல ஒரு பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது. எழுதித் துப்பினாத்தான் தூக்கம் வரும்.

மே மாசம் லீவு போட்டுட்டு குன்னூர் போயிருந்தேன். ஊட்டிக்குப் போற வண்டியெல்லாம் எங்க வீட்டு வளைவுல வரிசையா நின்னு ஹாரன் அடிக்கிற சீசன். வீட்டுக்குள்ளயும் கூட்டம். எங்க பெரியப்பா மகன் நியூ ஜெர்சில இருக்கார், அவர் குடும்பத்தோட வந்திருந்தார். அவர் பொண்ணு அங்க காலேஜ் படிக்கிறா. அடுத்து பல் மருத்துவம் படிக்கணும்னு ஆசை. எங்க அக்கா பொண்ணு கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சவ. நீட் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா. அவளுக்கும் அதே ஆசைதான், பி.டி.எஸ். ஒரே தாத்தா வீட்டுக் கூடத்துல ரெண்டு பல் டாக்டருங்க. எனக்கு இருக்கிற ரெண்டு சொத்தைப் பல்லுக்கு வருங்காலம் பிரகாசம்னு நினைச்சுக்கிட்டேன்.

பெரியவ காலையில எந்திரிச்சதும் லேப்டாப்பைத் திறந்து என்னமோ படத்தைப் பார்த்துக் கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சு யோசிப்பா. "என்னம்மா, கழுத்து வலியா?"ன்னு கேட்டேன். "இல்ல சித்தப்பா, பேட் பிராக்டிஸ்"னா. கிரிக்கெட்டான்னு கேட்டு அசடு வழிஞ்சது தனிக் கதை.

விஷயம் இதுதான். அமெரிக்காவுல பல் மருத்துவக் கல்லூரியில சேர டி.ஏ.டி.ன்னு ஒரு தேர்வு. அதுல ஒரு பகுதிதான் இந்த பி.ஏ.டி. தொண்ணூறு கேள்வி, அறுபது நிமிஷம். ஒரு கேள்விக்கு 40 செகண்ட். படிச்சு வந்து எழுதறதுக்கு அதுல பாடமே கிடையாது. எல்லாம் படம். ஆறு வகை, வகைக்குப் பதினஞ்சு.

ஒரு கோணல்மாணலான பொருளைக் காட்டி, இது எந்த ஓட்டை வழியா சரியா நுழையும்னு கேப்பாங்க. நுழைக்கிறதுக்கு முன்னாடி எப்படி வேணா திருப்பிக்கலாம், நுழைய ஆரம்பிச்சப்புறம் திருப்பக் கூடாது. மேலிருந்து பார்த்த படம், முன்னாலிருந்து பார்த்த படம் ரெண்டையும் கொடுத்துட்டு, பக்கத்துல இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு ஒரு வகை. நாலு கோணத்தைக் கொடுத்து சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அடுக்கச் சொல்றது ஒண்ணு. காகிதத்தை மடிச்சு ஓட்டை போட்டுப் பிரிச்சா ஓட்டையெல்லாம் எங்கெங்க இருக்கும்னு ஒண்ணு. கனசதுரங்களை ஒட்டி அடுக்கி, அடியை விட்டுட்டு வெளிய தெரியற பக்கமெல்லாம் பெயிண்ட் அடிச்சா, ரெண்டு பக்கம் பெயிண்ட் பட்டது எத்தனைன்னு ஒண்ணு. கடைசியா, விரிச்சு வச்ச அட்டையை மடிச்சா எந்தப் பெட்டி வரும்னு ஒண்ணு.

"ப்பூ, இவ்வளவுதானா? சித்தப்பா எஞ்சினியர் தெரியுமில்ல"ன்னு உக்காந்தேன். சொந்த செலவில் சூனியம். அட்டை மடிக்கிற பதினஞ்சுல எனக்குச் சரியானது ஆறு. அக்கா பொண்ணையும் கூப்பிட்டு உக்கார வச்சோம். அவளுக்கு நாலு.

அப்பத்தான் அந்தப் பெரியவர் திருவாய் மலர்ந்தார். சீசனுக்கு வந்த தூரத்துச் சொந்தம், வயசுல மூத்தவர், பேர் வேண்டாம். "இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும் தம்பி. பயிற்சி பண்ணி வர்றதில்ல. நம்ம எஸ்டேட்டுப் புள்ளைங்க பயாலஜிய மனப்பாடம் பண்ணி எழுதினாப் போதும், இதெல்லாம் அதுங்களுக்கு எதுக்கு?"

அக்கா பொண்ணு ஒண்ணும் சொல்லலை. பேனாவை மூடி வச்சுட்டு டீ போடற சாக்குல எந்திரிச்சு உள்ள போயிட்டா. அந்த மூடின பேனாதான் இந்தப் பதிவு.

*

ரத்தம்னு சொன்னாரே, அதுக்கு முதல் சாட்சி நானே. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எஞ்சினியரிங் முதல் வருஷம். நம்மள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கதானே, 'எஞ்சினியரிங் கிராபிக்ஸ்'னு சொன்னாலே வயித்தைக் கலக்குமே, அந்தப் பேப்பர். ட்ராஃப்டரைத் தோள்ல வில்லு மாதிரி மாட்டிக்கிட்டுப் போவோம், போர் மட்டும் தோத்துட்டு வருவோம். மேல்பார்வை, முன்பார்வை, பக்கப்பார்வை, கூம்பை வெட்டினா என்ன வடிவம், உருளையை விரிச்சா என்ன வடிவம். மேல இருக்கிற பி.ஏ.டி. பட்டியலை இன்னொரு தடவை படிங்க. பாதி அதுதான். அதுல எனக்கு அரியர். என் ஸ்கூல்ல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவனுக்கு அரியர்.

அரியரோட வீட்டுக்கு வந்தப்ப என்னை மீட்டெடுத்தது டீ பேக்டரியில பிட்டரா இருந்த எங்கப்பா. பத்தாவது தாண்டாதவர். ஆனா மெஷின் டிராயிங்கைத் தலைகீழாப் பிடிச்சாலும் எந்த போல்ட் எங்க வரும்னு சொல்வார். "கூம்புன்னா என்னடா? இந்தா"ன்னு சமையல்கட்டுல இருந்து ஒரு ஊட்டி கேரட்டை எடுத்தார். குறுக்கா வெட்டினார், வட்டம். சாய்ச்சு வெட்டினார். "இது என்ன?" "நீள்வட்டம்." "பேரெல்லாம் எனக்குத் தெரியாது, நான் முட்டை வட்டம்னுதான் சொல்வேன்"னார். உருளைக்கிழங்கை கனசதுரமா நறுக்கி மூலையைச் சீவிக் காட்டினார். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிக்க வச்சார். அந்த லீவு முழுக்க எங்க வீட்ல கேரட் பொரியல்தான். அடுத்த செமஸ்டர்ல பாஸ்.

எனக்கு ரத்தம் எதுவும் மாத்தலைங்க. கேரட்தான் மாத்துச்சு. அப்பா அந்தக் காலத்துல மட்டும் ரத்தத்தோட பொறந்தாரா? பதினேழு வயசுல இருந்து ஸ்பேனர் பிடிச்ச கை. முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து வந்த கண்ணு.

*

'உங்கப்பா கதையெல்லாம் ஆராய்ச்சியாகுமா?'ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். நியாயம். ஆகாதுதான். ஆராய்ச்சி பண்ணினவங்க சொன்னதைப் பார்ப்போம்.

1971-ல ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் ஒரு சோதனை பண்ணினாங்க. கட்டைகளை ஒட்டிச் செஞ்ச உருவம் ரெண்டைக் காட்டி, ரெண்டும் ஒண்ணுதானான்னு கேட்டாங்க. ஒண்ணை எவ்வளவு திருப்பி வச்சிருக்காங்களோ அந்த அளவுக்குப் பதில் சொல்ல நேரம் கூடிக்கிட்டே போச்சு. மனசுக்குள்ளயும் நாம பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித்தான் பார்க்கிறோம். பளிச்னு வர்ற அருள்வாக்கு இல்லை, வேலை. வேலைன்னா பழகப் பழக வேகம் வரும்.

2013-ல டேவிட் அட்டல் குழு 217 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து அலசினாங்க. பயிற்சி கொடுத்தா இந்தத் திறமை வளருது, கொஞ்ச நாள்ல கரைஞ்சும் போறதில்லை, பழகாத வேற மாதிரிக் கணக்குக்கும் கை கொடுக்குதுன்னு முடிவு வந்துச்சு. இன்னொருத்தர் ஷெரில் சோர்பி, அமெரிக்காவுல மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்துல பேராசிரியையா இருந்தவங்க. மாணவியா இருந்தப்ப அவங்களே கிராபிக்ஸ் பாடத்துல திணறினவங்கதானாம், நம்ம ஜாதி. 1993-ல இருந்து, இந்த வகைச் சோதனையில குறைஞ்ச மார்க் வாங்கின முதல் வருஷப் பசங்களுக்குத் தனி வகுப்பு நடத்தினாங்க. வரைய வச்சாங்க, கட்டையை அடுக்க வச்சாங்க. வகுப்புக்கு வந்தவங்க அடுத்தடுத்த பாடத்துலயும் நல்லா வந்தாங்க.

ஆக, ரத்தக் கதையை மூட்டை கட்டி வச்சிடலாம் பெரியவரே.

*

அடுத்த கேள்வி. பல் பிடுங்கறவருக்கு அட்டை மடிக்கத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

அடுத்த தடவை பல் டாக்டர்கிட்ட போறப்ப கவனிங்க (நான் போன வாரம் போனேன், சொத்தைப் பல் உபயம்). மேல் கடைவாய்ப் பல்லை அவர் நேராப் பார்க்கிறதே இல்லை. ஒரு குட்டிக் கண்ணாடியை உள்ள விட்டு அதுல தெரியற பிம்பத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யறார். கண்ணாடியில முன்னாடி இருக்கிறது பின்னாடி போகும். கை ஒரு பக்கம் போகணும், கண்ணு வேற பக்கம்னு சொல்லும். சந்தேகமா இருந்தா, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கிட்டு ஒரு காகிதத்துல உங்க பேரை எழுதிப் பாருங்க. அவ்வ்வ்வ்.

அதனாலதான் அந்தக் காலத்துல அமெரிக்கத் தேர்வுல சாக்பீஸ் கட்டியைச் செதுக்கவே வச்சாங்க. 1970-களோட தொடக்கத்துல அதை எடுத்துட்டு, காகிதத்துல எழுதற இந்தப் படக் கேள்விகளைக் கொண்டு வந்தாங்க.

நம்ம ஊர்ல? பி.டி.எஸ். சேர நீட். 180 கேள்வி, 720 மார்க். அதுல பாதி உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும். மடிக்கிறது, திருப்புறது, வெட்டிப் பார்க்கிறதுன்னு தனியா ஒரு பகுதி கிடையாது. சரி, கேக்காட்டிப் போகட்டும். ஆனா சேர்ந்த முதல் வருஷமே ஒரு மெழுகுக் கட்டியையும் கத்தியையும் கையில கொடுத்து, பல்லைச் செதுக்குன்னு சொல்றாங்க. வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், அளவு பிசகாம. பி.டி.எஸ். படிச்ச என் நண்பன் சொன்னான்: "மச்சி, பன்னெண்டு வருஷப் படிப்புல நான் கையால செஞ்ச ஒரே பொருள் பேப்பர் ராக்கெட்டுடா. திடீர்னு கடைவாய்ப்பல்லைச் செதுக்கச் சொன்னா?" முதல் மாசம் அவன் செதுக்கினதெல்லாம் வெல்லக்கட்டி மாதிரி இருந்துச்சாம்.

கேள்வியும் கேக்கலை, சொல்லியும் கொடுக்கலை. திடீர்னு ஒரு நாள் 'உனக்குக் கை வரலையே'ன்னு மட்டும் சொல்லுவோம். எந்த ஊர் நியாயம் இது?

*

இங்கதான் சில நண்பர்கள் துள்ளிக் குதிப்பாங்க. "அப்ப நீட்லயும் இந்தப் பகுதியைச் சேர்த்துடலாமே! மனப்பாடம் ஒழியுமே!"

ஐயா சாமிகளா, வேண்டவே வேண்டாம்.

எங்க பெரியவ அதுக்கு எப்படித் தயார் ஆகறான்னு பார்த்துட்டுத்தான் சொல்றேன். மாசச் சந்தா கட்டி ஒரு தளம், ரெண்டு புத்தகம், பத்து மாதிரித் தேர்வு. அவ மேல எனக்குப் பொறாமை இல்லை, உழைக்கிறா, நல்லா வரட்டும். ஆனா பயிற்சியால வளர்ற ஒரு திறமையைத் தேர்வுல மட்டும் வச்சு, பயிற்சியைக் கடையில வித்தா, காசு இருக்கிறவன் வாங்குவான். நீட்ல சேர்த்த மறுநாளே 'முப்பரிமாணச் சிந்தனை முப்பது நாளில்'னு பேனர் தொங்கும். நம்ம சமவெளிக் கோச்சிங் சென்டர் முதலாளிகளைக் குறைச்சு எடை போடாதீங்க. இங்கிலாந்துல டாக்டர், பல் டாக்டர் ரெண்டு படிப்புக்கும் எழுதற யுகேட் தேர்வுல வடிவங்களுக்குள்ள ஒழுங்கு கண்டுபிடிக்கிற பகுதி ஒண்ணு இருந்துச்சு. 2025-ல இருந்து அதையே தூக்கிட்டாங்க. இங்க நாம புதுசாச் சேர்க்கணுமாக்கும்.

சேர்க்க வேண்டிய இடம் தேர்வு இல்லைங்க, வகுப்பு. அதுவும் புதுசாச் சேர்க்க வேண்டாம். புடுங்கினதைத் திருப்பிக் கொடுத்தாப் போதும்.

டிராயிங் பீரியட் ஞாபகம் இருக்கா? கைத்தொழில் வகுப்பு? எனக்கு ஆறாவதுல வாரத்துக்கு ரெண்டு. எட்டாவதுல ஒண்ணு. ஒன்பதாவதுல 'போர்ஷன் முடிக்கணும்'னு கணக்கு சார் வாங்கிக்கிட்டார். அக்கா பொண்ணுக்கும் அதே கதை. ஏழாவது வரைக்கும் அவ நோட்டுல பின்பக்கம் முழுக்கப் படம்தான். மலை ரயிலோட பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல்லுல எப்படிக் கோர்த்துக்குதுன்னு வரைஞ்சு எனக்குக் காட்டியிருக்கா. பகுதிநேரமா வந்துக்கிட்டிருந்த டிராயிங் டீச்சர் நின்னுட்டாங்க. வேற ஆள் வரலை. படமும் நின்னு போச்சு.

ஏன் நிப்பாங்கன்னு கேக்காதீங்க. 2012-ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாத்துக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. மாசச் சம்பளம் 5,000 ரூபாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க, ஆனா பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷக்கணக்கா ரோட்டுல உக்காந்தாங்க. பிள்ளைங்களுக்குக் கையும் கண்ணும் பழக்க வேண்டிய ஆளுக்கு நாம போட்ட விலை அது. அதே பிள்ளை பெருசானதும் 'ரத்தத்துல இல்லை'ன்னு தீர்ப்பு சொல்ல மட்டும் காசு கேக்காம வந்துடறாங்க.

இதுல இன்னொரு கூத்து. அரசுப் பள்ளியில எட்டாவது படிக்கிற பிள்ளைங்க எழுதற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு தெரியுமில்ல? தேறினா பன்னெண்டாவது முடியற வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். எஸ்டேட் லைன் வீட்டுக்கு அது பெரிய காசு. அதுல பாதி மனத்திறன் தேர்வு, 90 கேள்வி. மறைஞ்சிருக்கிற உருவத்தைக் கண்டுபிடி, அடுத்த படம் எதுன்னு சொல்லுன்னு அதுலயும் படக் கேள்வி உண்டு. அதாவது எட்டாவது பிள்ளைகிட்ட கேள்வி கேக்கறோம், ஆனா அந்தப் பிள்ளை காகிதம் மடிக்கிற பீரியடை ஏற்கனவே பிடுங்கிட்டோம்.

*

எஸ்டேட்டுப் புள்ளைங்களுக்கு வராதாம்ல. பெரியவர் நீலகிரியில சீசனுக்கு மட்டும் இருக்கிறதால வந்த வினை. தோடர் பெண்கள் பூத்தையல் போடறதை அவர் பார்த்திருக்க மாட்டார். துணியில படம் வரைஞ்சுக்கிறதில்லை. இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்பும் நூலாக் கோர்த்து, கோடு பிசகாம வடிவம் வரும். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின வேலை அது. தலைக்குள்ள முழு வடிவத்தையும் வச்சுக்காம ஒரு இழை கூட எண்ண முடியாது.

இல்லை, லைன் வீட்டு வாசல்ல காலையில எங்க பாட்டி போட்ட புள்ளிக் கோலம்? 1974-லயே சென்னை கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூணு பேரும் கோலத்துல இருக்கிற கணக்கை வச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆளுங்க இன்னிக்கும் படிக்கிற கட்டுரை. பாட்டிக்கு அது தெரியாது. பாட்டிக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் யாரும் பண்ணலை. பத்து வயசுல இருந்து தினம் போட்டாங்க, வந்துச்சு.

*

சரி, அந்தப் பேனா என்னாச்சுன்னு சொல்லலையே.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா ஒண்ணும் பேசலை. மார்க்கெட் போய் ஒரு கிலோ கேரட்டும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் வாங்கிட்டு வந்தார். கூடத்துல பேப்பரை விரிச்சு ரெண்டு பேத்திகளையும் உக்கார வச்சார். லேப்டாப் மூடியாச்சு. பெரியவளுக்கு இங்கிலீஷ், தாத்தாவுக்குத் தமிழ், நடுவுல சின்னவ மொழிபெயர்ப்பு. மடிச்ச காகிதத்துல குத்தூசியால ஓட்டை போட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடி, "எங்க வரும், சொல்லு. தப்பாச் சொன்னா பரவால்ல, சொல்லிட்டுப் பிரி"ன்னு ஒரே ஒரு விதிதான் வச்சார். பத்து நாள். தினம் ஒரு மணி நேரம்.

பதினோராம் நாள் அதே அட்டை மடிக்கிற வகையில வேற பதினஞ்சு கேள்வி. சின்னவளுக்குப் பதினொண்ணு. பெரியவளுக்குப் பதிமூணு. எனக்குப் பத்து, சிரிக்காதீங்க. ஒரு வீட்டுல பத்து நாள் நடந்ததை வச்சு உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நாலு, பதினொண்ணு ஆனதை என் கண்ணால பார்த்தேன். இதுக்காக இவளுக்கு நீட்ல ஒரு மார்க் கூடக் கிடைக்காது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல ஒரு இடம் கிடைச்சா, முதல் வருஷம் மெழுகுக் கட்டி கைக்கு வரும்போது அவ கை நடுங்காது. கிடைக்காட்டியும், 'உனக்கு வராது'ன்னு இனிமே எவனும் சொல்லி அவ பேனாவை மூட வைக்க முடியாது. எனக்கு அது போதும்.

உள்குத்து, வெளிக்குத்து எதுவும் இல்லை மக்களே, நேர்குத்துதான். உங்க ஊர்ப் பள்ளியில டிராயிங் பீரியட் நடக்குதான்னு அடுத்த தடவை போறப்ப விசாரிங்க. நடக்கலைன்னா தலைமையாசிரியர்கிட்ட கேளுங்க, பெற்றோர் கூட்டத்துல கேளுங்க. ஊருக்குப் போற சனிக்கிழமைகள்ல எட்டாவது பசங்க நாலு பேரை உக்கார வச்சுப் பழைய காலண்டர் அட்டையை மடிக்க வைக்கிறதுன்னு நானும் அப்பாவும் முடிவு பண்ணியிருக்கோம். செலவு அதிகமில்லை. கேரட் எங்க ஊர்லயே விளையுது.

பி.கு: வெட்டின கேரட்டை வீணாக்கலை. பத்து நாளும் பொரியல், அல்வா, சாம்பார். கிளம்பும்போது பெரியவ சொன்னா, "சித்தப்பா, ஐ லவ் தாத்தா, பட் நோ மோர் கேரட்." :)